பதினைந்து பேரில் இல்லாமல் போன உன் பெயர்

தம்பி,

உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும் என்று தெரிந்துகொண்டே இதைத் தமிழில் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு உன்னை இழுத்துக்கொண்டு திரிந்ததற்கு இப்போதாவது ஒரு பலன் இருக்கட்டும். மெதுவாக வாசி. இங்கிலீஷில் இதைச் சொல்ல எனக்கு வராது. வாயால் சொல்லத் துணிவில்லை. உறையை நான் ஒட்டவில்லை. உன் அம்மா எடுத்து வாசிக்கலாம், மருமகள் உன்னை வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம், லண்டனில் இந்தப் பிளேஸ்டோவில் வேறு எவர் கையில் அகப்பட்டாலும் வாசிக்கட்டும். ஒளித்து ஒளித்துச் சீவித்தது போதும் என்று ஆகிவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை உன் மகளின் பிறப்பைப் பதிய உன்னோடு நானும் வந்தேன். மருமகளுக்குத் தையல் ஆறவில்லை, அவள் வீட்டில் நின்றாள். கார் ஓட்ட வந்த நான் காரிலேயே இருந்திருக்கலாம். உள்ளே வந்து உன் பக்கத்துக் கதிரையில் குந்தியது என் கெட்ட காலம். அந்தப் பதிவுக்காரப் பெண் சிரித்துச் சிரித்து ஒவ்வொன்றாகக் கேட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளையின் பெயர், தாயின் பெயர், தாய் பிறந்த இடம். பிறகு, தகப்பன் பிறந்த இடம் எது என்று கேட்டாள். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். பிறகு அவளைப் பார்த்து "ஜஃப்னா, ஸ்ரீலங்கா" என்றாய். எழுத்தெழுத்தாகச் சொல்லியும் கொடுத்தாய். அவள் திரையை உன் பக்கம் திருப்பி எல்லாம் சரியா என்று கேட்க, சரி என்று தலையாட்டினாய். வெளியே வந்து காரில் ஏறும்போது, "பரவாயில்லை அப்பா, இதுதான் ஈஸி" என்றாய்.

அந்தப் பரவாயில்லை ஒரு கிழமையாக என் காதை விட்டுப் போகவில்லை. நீ கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்திருப்பேன். கத்துவது எனக்குப் பழக்கம், உனக்குத்தான் தெரியுமே. ஆனால் நீ என்னைக் காப்பாற்றுவதற்காக ஒரு பொய்யைச் சொன்னாய், அதுவும் நான் சொன்ன அதே பொய்யை. பிறந்து மூன்று கிழமை ஆகாத பிள்ளையின் தாளில் அது ஏறிவிட்டது. என்னோடு செத்துப்போகும் என்று நான் நினைத்திருந்த பொய், என்னைவிட அறுபது வயது குறைந்த ஒருத்தியோடு போய் ஒட்டிக்கொண்டுவிட்டது.

பிறத்தியார் வாசித்தாலும் விளங்கவேண்டும் என்பதற்காக, உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். நீ யாழ்ப்பாணத்தைக் கண்ணால் கண்டவன் இல்லை. நீ பிறந்தது ஜேர்மனியில், டோர்ட்முண்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நகரத்து ஆசுப்பத்திரியில். அகதிகளை வைத்திருந்த ஒரு கட்டிடத்தில் எங்களுக்கு ஒரு அறை. சமைக்கிற குசினி மூன்று குடும்பத்துக்குப் பொது. ஏழு வருஷம் அங்கே இருந்தும் என் வழக்கை ஏற்கவில்லை, திருப்பி அனுப்பப்போகிறோம் என்று கடிதம் போட்டார்கள். உன் அம்மாவின் தம்பிக்கு, அதுதான் உன் மாமாவுக்கு, விசா கிடைத்தது. அவர் அங்கேயே தங்கிவிட்டார். நாங்கள் மூன்று பேரும் ஒரு லொறியின் பின்னால் பெட்டிகளுக்கு நடுவே இருந்து இங்கே, லண்டனுக்கு, வந்து சேர்ந்தோம். வேறு நாட்டில் நிராகரிக்கப்பட்டவன் என்று தெரிந்தால் அந்த நாட்டுக்கே பிடித்து அனுப்பிவிடுவார்கள். ஆகவே எங்கள் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் சொன்னதையே நானும் சொன்னேன். நேரே யாழ்ப்பாணத்தில் இருந்து வருகிறோம், பிள்ளையும் அங்கேதான் பிறந்தான் என்று. அந்த நாளில் இதை ஒருவரும் பொய் என்று நினைக்கவில்லை. மழைக்குக் குடை பிடிப்பதுபோல அது ஒரு காரியம். மழை விட்ட பிறகும் குடையை மடக்காமல் வீட்டுக்குள்ளும் பிடித்துக்கொண்டு திரிந்தவன் நான்.

ஆனால் உனக்கு அப்போது நாலு வயது. உன் வாயில் வந்தது முழுக்க ஜேர்மன். தமிழ் சொன்னால் விளங்கும், பதில் ஜேர்மனில்தான் வரும். குறொய்டனில் அகதி விசாரணைக்குப் போவதற்கு முன் ஒரு கிழமை உன்னை முன்னால் இருத்திவைத்து, அந்தப் பாசை கதைத்தால் பொலிஸ் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போகும் என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினேன். மறந்து ஒரு சொல் சொன்னால் தொடையில் கிள்ளுவேன். விசாரணை அறையில் அந்த அதிகாரி உனக்கு ஒரு இனிப்புத் தந்தார். நீ இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு "டங்கே" என்றாய். நன்றி சொல்லப் பழகிய பிள்ளை, வேறு என்ன சொல்லும்? மொழிபெயர்ப்புக்கு வந்திருந்த தமிழ்ப் பெண் தலையைக் குனிந்து பேப்பரைப் புரட்டினாள். அவளுக்கு விளங்கியிருக்கவேண்டும், ஆனால் வாயைத் திறக்கவில்லை. மேசைக்குக் கீழே நான் உன்னைக் கிள்ளிய கிள்ளில் தோல் கழன்றது. நீ அழக்கூட இல்லை. அதற்குப் பிறகு எட்டு மாதம் நீ எந்தப் பாசையிலும் ஒரு சொல்லும் கதைக்கவில்லை.

நேர்ஸரியில் உனக்குப் பேச்சு பிந்துகிறது என்றார்கள். பேச்சு பழக்குகிற ஒரு பெண் வீட்டுக்கு வந்து படம் காட்டினாள். வீட்டில் ஏதாவது அதிர்ச்சி நடந்ததா என்று அவள் கேட்டபோது, சண்டை நடந்த நாட்டில் இருந்து வந்த பிள்ளை அல்லவா என்று சொன்னேன். அவளுடைய கண் கலங்கிவிட்டது. குண்டு போட்டவன்மேல் பழியைப் போட்டுவிட்டு, கிள்ளின நான் அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். உன் மகள் நாளைக்கு ஏதாவது தவறாகச் சொன்னாலும், சொல்லக்கூடாததைச் சொன்னாலும், அவளுடைய வாயை மட்டும் அடைத்துவிடாதே. அடைத்த வாய் பிறகு திறக்கும்போது என்ன மிச்சம் இருக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது.

உன் வாயைத் திறந்தது கிரிக்கெட்தான். பெற்றோல் நிலையத்தில் எனக்குக் காலை ஷிப்ட். பின்னேரம் உன்னை வான்ஸ்டெட் பிளாட்ஸ் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் டெனிஸ் பந்தால் போடுவேன். ஒருநாள் நான் பற் மட்டையைப் பிடிக்க, நீ ஓடிவந்து போட்ட பந்து என் காலில் பட்டது. நீ இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, பக்கத்து மைதானத்துப் பெடியள் அவுட் கேட்டுக் கத்துகிறமாதிரி, "ஹவ்ஸாற்" என்று கத்தினாய். எட்டு மாதத்துக்குப் பிறகு வந்த முதல் சொல். லெக் ஸ்டம்புக்கு ஒரு முழம் வெளியே போன பந்து அது. அவுட் என்று கையைத் தூக்கிவிட்டு, புல்லில் இருந்து அழுதேன். அன்றிலிருந்து உன் விளையாட்டுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை, அதை மட்டும் என்னால் சொல்லமுடியும். உன்னை ஏற்றிக்கொண்டு எத்தனை மைதானம் அலைந்தேன், எத்தனை தரம் குளிரில் நின்று ஆறிப்போன ரோல்ஸ் தின்றேன். கவுண்டி கிரிக்கெட் அக்கடமியில் உன்னை எடுத்தார்கள், பத்தொன்பது வயதில் இனி வேண்டாம் என்று கடிதம் போட்டு விட்டுவிட்டார்கள். அன்றைக்கும் நீ பரவாயில்லை என்றுதான் சொன்னாய். உனக்கு எப்போதும் அந்த ஒரு சொல்தான்.

பிறகு உனக்கு இருபத்துநாலு வயதில், மாமாவின் மகளுடைய சாமத்தியச் சடங்குக்கு நீ மட்டும் ஜேர்மனி போனாய். எனக்கு ஷிப்ட் என்று சொன்னேன். ஷிப்ட் இல்லை, அந்த மண்ணை மிதிக்கப் பயம். அங்கே ஞாயிற்றுக்கிழமை எங்கள் பெடியளோடு ஒரு ஆட்டத்தில் இறங்கினாயாம். இடக்கையால் நீ அடித்த அடியை, அந்த நாட்டு அணியின் மனேஜர் வேறு யாரையோ பார்க்க வந்த இடத்தில் நின்று பார்த்தாராம். மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவரிடம் போய், இவன் இங்கே பிறந்த பிள்ளை என்று சொன்னார். உனக்கே அப்போதுதான் தெரியும். டெஸ்ட் விளையாடாத, இப்போதுதான் வளர்ந்துவருகிற நாடுகளுக்கு ஒரு ஒருநாள் போட்டி வரப்போகிறது, எட்டு அணிகள், ஐம்பது ஓவர், மலேசியாவில் நடக்கும், அந்த நாட்டில் பிறந்தவன் என்றால் பதினைந்து பேரில் உன்னைச் சேர்க்கலாம் என்றார் மனேஜர். நீ வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. கோபம் வந்தால் இங்கிலீஷ் கதைக்கிற நீ, அன்றைக்குத் தமிழில் கேட்டாய். "அப்பா, நான் எங்கை பிறந்தனான்?"

அன்று நான் ஆடிய ஆட்டத்தை மறந்திருக்கமாட்டாய். பிறப்புச் சான்றிதழ் எங்கே என்று கேட்டாய், எரித்துவிட்டேன் என்றேன். மாமா நகரசபையில் விண்ணப்பித்து ஒரு பிரதி எடுத்து அனுப்பினார். ஆனால் உன் பாஸ்போட்டில் யாழ்ப்பாணம் என்று இருக்கிறது, சான்றிதழில் ஜேர்மனி. இரண்டும் ஒரே பிள்ளைதான் என்று பெற்றவர்கள் ஒரு சத்தியக் கடிதம் தரவேண்டும் என்று மனேஜர் சொல்லிவிட்டார். ஈஸ்ட்ஹாமில் ஒரு வக்கீலிடம் நீயே போய் எழுதிக்கொண்டு வந்தாய். இருபது வருஷத்துக்கு முந்திய விஷயம், தாங்களாகவே சொன்னால் பெரிதாக ஒன்றும் வராது, பொய் சொன்னது தகப்பன்தான், நாலு வயதுப் பிள்ளை இல்லை என்று அவர் சொன்னதையும் சொன்னாய்.

"வக்கீல் சொல்லுவார். பிளேன் ஏறுறது நாங்கள்," என்றேன்.

"ஒருத்தரும் உங்களைப் பிளேன் ஏத்தமாட்டினம் அப்பா. இது என்ரை ஒரேயொரு சான்ஸ்."

"சான்ஸாம் சான்ஸ். கண்டறியாத நாட்டுக்குப் பந்தடிக்கிறதுக்கு நான் இஞ்சத்தைப் பாஸ்போட்டைக் குடுக்கோணுமோ?"

அப்போது உன் அம்மா குசினிக்குள் இருந்து வந்தாள். என்னோடு எதிர்த்துக் கதைத்தே அறியாத மனிசி, கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு ஆறுதலாகக் கேட்டாள். "அவனைப் பெத்தது நான். எங்கை வைச்சுப் பெத்தனான் எண்டு சொல்லுறதுக்கு உங்களிட்டைப் பெர்மிஷன் கேக்கோணுமோ?" பேனையை எடுத்துத் தன் கையெழுத்தை வைத்துவிட்டு, பேப்பரை என் பக்கம் தள்ளினாள். நானும் வைத்தேன். நீ என்னைக் கட்டிப்பிடித்தாய். நாலு வயதுக்குப் பிறகு நீ என்னைக் கட்டிப்பிடித்தது அன்றைக்குத்தான்.

பத்து நாளில் மனேஜரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. தாள்களை உறுதிப்படுத்த முடியவில்லை, வருந்துகிறோம். வேறு விபரம் இல்லை. நீ மாமாவுக்குப் போன் எடுத்தாய். படிவத்தை நிரப்பியது அவர்தான், எங்கேயோ பெயரிலோ திகதியிலோ பிழைவிட்டிருக்கிறார் என்று நீ நினைத்தாய். அவரும், "ஓம் தம்பி, நான்தான் எங்கையோ பிழை விட்டிட்டன் போலை, மன்னிச்சுக்கொள்," என்று சொன்னார். வாழ்க்கையில் ஒருவரையும் ஏசாத நீ அவரை ஏசினாய். அத்தோடு அவரோடு கதைப்பதையே விட்டாய். உன் கலியாணத்துக்கும் அவருக்குச் சொல்லவில்லை. அவருடைய ஒரே அக்காவின் ஒரே மகன், அவன் தாலி கட்டியதை அந்த மனிசன் வட்ஸப்பில் பார்த்தார்.

மலேசியாவில் ஆட்டம் நடந்தபோது காலையில் இரண்டு பேரும் இந்த மேசையில் இருந்து உன் லாப்டொப்பில் பார்த்தோம். நான் உனக்குப் பாண் வாட்டிக் கொடுத்தேன். உன் இடத்தில் தொடக்க ஆட்டக்காரனாக இறங்கிய பெடியன் மூன்றாவது பந்தில் ஸ்லிப்பில் பிடி கொடுத்துவிட்டுப் போனான். நான் உள்ளுக்குள் சந்தோசப்பட்டேன். நீ "பாவம்" என்றாய். அந்த அணி அரையிறுதியில் தோற்றது. அடுத்த கிழமை நீ பற் மட்டை, பாட், கையுறை, ஹெல்மெட் எல்லாவற்றையும் ஒரு பெரிய பையில் கட்டி, கிறீன் ஸ்ட்ரீட்டில் பழைய சாமான் வாங்குகிற தொண்டுக் கடையில் கொடுத்துவிட்டு வந்தாய். இரண்டு நாளில் நான் போய்ப் பார்த்தேன், மட்டையை யாரோ கொண்டுபோய்விட்டார்கள். கையுறை மட்டும் இருந்தது. அதை வாங்கிக்கொண்டு வந்தேன். அது என் அலுமாரியில் இருக்கிறது.

இனிச் சொல்லவேண்டியது ஒன்றுதான். இதுவரை எழுதியது முழுக்க அதைத் தள்ளிப்போடுவதற்காகத்தான்.

நான் கையெழுத்து வைத்து நாலாம் நாள், வியாழக்கிழமை பின்னேரம், பெற்றோல் நிலையக் கடையில் நிற்கும்போது எனக்கு ஒரு போன் வந்தது. சத்தியக் கடிதத்தில் தொடர்புக்கு என் நம்பரைத்தான் நீ கொடுத்திருந்தாய். மனேஜர். முதலில் இங்கிலீஷில் தொடங்கினார், பிறகு, நீங்கள் இங்கே ஏழு வருஷம் இருந்தவராமே என்று ஜேர்மனில் மாறினார். இருபது வருஷத்துக்குப் பிறகு அந்தப் பாசை காதில் விழுந்ததும், பொலிஸ் நிற்கிறதா என்று கடை வாசலைத் திரும்பிப் பார்த்தேன். திருப்பி அனுப்பப்போகிறோம் என்ற கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டிய குரலும் இதே பாசையில்தான் கேட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்த மனிசன் பாவம், மரியாதையாகக் கேட்டார். உங்கள் மகன் இங்கே பிறந்தவர் என்று நீங்கள் வாயால் ஒருமுறை சொன்னால் எனக்குப் போதும், பெயரை இன்றைக்கே அனுப்பிவிடுவேன் என்றார்.

நான் "நைன்" என்றேன். இல்லை. அவன் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். அந்தத் தாள் வேறு பிள்ளையுடையது. மகன் நெருக்கியதால் கையெழுத்து வைத்தேன். இவ்வளவையும் நல்ல ஜேர்மனில், ஒரு பிழை இல்லாமல் சொன்னேன். உன்னைக் கிள்ளிக் கிள்ளி மறக்கவைத்த பாசையை நான் மறக்கவில்லை. லண்டனுக்கு வந்த பிறகு அதை ஒரே ஒருமுறைதான் கதைத்தேன், அதுவும் உன் பெயரை வெட்டுவதற்கு. போனை வைத்துவிட்டு, வரிசையில் நின்றவனுக்குச் சிகரெட் எடுத்துக் கொடுத்தேன்.

மாமாவுக்கு இது தெரியும். மனேஜர் அவரிடம் சொல்லியிருக்கிறார். அன்று இரவே எனக்குப் போன் எடுத்தார். நான் எதிர்பார்த்தமாதிரிக் கத்தவில்லை. "அத்தான், நான் அவனுக்குச் சொல்லமாட்டன். தேப்பன் செய்ததைத் தேப்பன்தான் சொல்லவேணும். நீங்கள் சொல்லுமட்டும் என்ரை பிழையாய் இருக்கட்டும்," என்றார். சரி, இன்றைக்குச் சொல்கிறேன் என்றேன். அந்த இன்றைக்கு வர நாலு வருஷம் ஆகிவிட்டது. நீ அவரை ஏசும்போது நான் பக்கத்து அறையில் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டினேன். உன் கலியாணப் பெயர்ப் பட்டியலில் அவருடைய பெயரை நீ வெட்டியபோது, பேனையை எடுத்துத் தந்ததும் நான்தான்.

எரித்துவிட்டேன் என்று சொன்ன உன் பிறப்புச் சான்றிதழை நான் எரிக்கவில்லை. எங்கள் ஆட்கள் தாளை எரிப்போமா? லைட் பில்லையே இருபது வருஷம் வைத்திருக்கிறவர்கள் நாங்கள். இந்த உறைக்குள் அது இருக்கிறது, மடித்த இடத்தில் கொஞ்சம் கிழிந்திருக்கிறது, ஒட்டியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஈஸ்ட்ஹாம் வக்கீலிடம் நேரம் எடுத்துவிட்டேன். நான் சொன்ன பொய்யை நானே போய்ச் சொல்லப்போகிறேன். பாஸ்போட்டை எடுத்தால் எடுக்கட்டும், பிளேன் ஏற்றினால் ஏற்றட்டும். உன் மகளின் தாளைத் திருத்த என்ன வழி என்றும் கேட்கிறேன். இதெல்லாம் உனக்கு அந்த ஐம்பது ஓவரைத் திருப்பித் தராது என்று எனக்குத் தெரியும். மன்னிப்பும் கேட்கவில்லை. கேட்டால் நீ அந்தப் பரவாயில்லையைச் சொல்லிவிடுவாய், அதை இன்னொருமுறை கேட்க என்னால் ஏலாது.

இதை வாசித்து முடித்ததும் எனக்குப் போன் எடுக்காதே. முதலில் மாமாவுக்கு எடு. நம்பர் மாறவில்லை. இந்த நாலு வருஷமும் நீ கதைக்காமல் விட்டிருக்கவேண்டியது என்னோடு.

அப்பா